ஏழு பிரிவும் ஒரு சீஸ் கடையும்

மார்லிஸ் பென்கி இருபத்தாறு கோடைகாலமாக ஆல்டர் க்ரீக் பந்தயத் திடலில் வேலை செய்கிறாள். இதுவரை ஒரு பந்தயத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. அவளுடைய கடை பார்வையாளர் மேடைக்கு அடியில், படிக்கட்டு வந்து இறங்குகிற இடத்தில் இருக்கிறது. ஜன்னல் கார் நிறுத்தும் புல்வெளியைப் பார்த்துத் திறக்கும். களிமண் பாதையும் அதில் சுற்றும் கார்களும் அவள் முதுகுக்குப் பின்னால். அந்த மேடையைக் கட்டிய புண்ணியவான் யாரோ, எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பவளுக்கும் இரண்டு கண் உண்டு என்று யோசிக்கவே இல்லை.

கண்ணுக்கு வேலை இல்லையென்றால் காதுக்கு இரட்டை வேலை. இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்தப் பிரிவுக் கார்கள் பாதைக்கு வருகின்றன என்று சொல்லிவிடுவாள். தலைக்கு மேலே பலகை, பலகைக்கு மேலே நூற்றுக்கணக்கான கால்கள். உட்கார்ந்தபடி தரையைத் தட்டும் கால், எழுந்து அதே இடத்தில் நிற்கும் கால், எழுந்து படியிறங்கும் கால், மூன்றும் அவளுக்கு வேறு வேறு சத்தம். எல்லாரும் சேர்ந்து எழுந்தால் பலகை இடுக்கிலிருந்து தூசி கொட்டும். அதற்காகவே கடைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பை ஆணி அடித்து வைத்திருக்கிறாள்.

கடை அவளிடம் வந்ததே ஒரு கூத்து. கல்யாணமான மூன்றாவது வருஷம், கணவன் ஆர்லின் முதன்முதலாகக் கார் ஓட்டுகிறான் என்று பார்க்கப் போனாள். பசித்தது. கீழே இறங்கி வந்தால், கடையை நடத்திய அம்மாள் யாரோடோ சண்டை போட்டுவிட்டு ஏப்ரனைக் கழற்றி வீசிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். அடுப்பில் எண்ணெய் புகைகிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? அடுப்பை அணைக்கத்தான் உள்ளே போனாள். வரிசையில் நின்றவர்கள் அவளைப் பார்த்ததும் "ரெண்டு சீஸ், ஒரு சாஸேஜ்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கு ஆர்லின் எத்தனையாவதாக வந்தான் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

வறுத்த சீஸ் எங்கள் பக்கத்தில் எல்லாரும்தான் போடுவார்கள். மார்லிஸ் போடுவது வேறு. வெள்ளிக்கிழமை பாலாடைக்கட்டி ஆலையிலிருந்து எடுத்த கட்டியைச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வறுத்துவிடுவாள். அதற்கும் பழைய சரக்கைத் தொடமாட்டாள். "பல்லுக்கு நடுவுல கீச்சுன்னு சத்தம் வரணும், வரலேன்னா அது ரப்பர்" என்பாள். அவள் சொன்னால் அப்படித்தான். வாடிக்கையாளரோடு வாதாடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. வாதாடுகிறவனுக்குச் சீஸ் கிடையாது.

ஆர்லின் வாரநாளில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் சேகரிக்கும் டேங்கர் லாரி ஓட்டுகிறான். நல்ல உயரம், மெதுவான பேச்சு. சனிக்கிழமை வந்தால் எழுபத்தொன்றாம் எண் பச்சைக் கார். அந்தக் காரை அவன் கழுவுகிற அழகில் பாதியாவது வீட்டுப் பாத்திரத்தைக் கழுவியிருக்கலாம் என்பது மார்லிஸின் நெடுநாள் குறை.

முதலில் அவன் ஓடியது, சாதாரண ரோட்டுக் காரையே மாற்றி ஓட்டுகிற ஸ்ட்ரீட் ஸ்டாக் பிரிவில். ஊரில் பாதிப் பேர் அதில்தான் ஓடுவார்கள். இருபது, இருபத்தைந்து கார் வரும். ஆர்லின் பதினைந்தாவதாகவோ பதினேழாவதாகவோ வருவான். பதினேழு வருஷம் அப்படியே போயிற்று. பிறகுதான் ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவு வந்தது.

அது வந்த கதைக்கு நோர்ப் லீஸ்கேயைச் சொல்லவேண்டும். திடலை நடத்துகிறவர் நோர்ப். நல்ல மனிதர், அதுதான் கோளாறு. இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. அவர் பொறுப்பேற்றபோது நாலு பிரிவு: லேட் மாடல், மாடிஃபைட், ஸ்ட்ரீட் ஸ்டாக், புதியவர்களுக்கான நாலு சிலிண்டர். நாற்பது மைல் தள்ளி ஒரு திடலை மூடினார்கள். அங்கே ஓடிய ஐந்து ஸ்போர்ட்ஸ்மேன் கார்க்காரர்கள் வந்து, "எங்களுக்கு எந்தப் பிரிவும் பொருந்தல, தனியா ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று நின்றார்கள். போட்டுக் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து பிக்கப் ட்ரக் ஓட்டுகிறவர்கள் வந்தார்கள். அப்புறம் குட்டி மாடிஃபைட். ஆக ஏழு. ஒவ்வொரு பிரிவுக்கும் முதலில் தகுதிச் சுற்று, அப்புறம் பரிசுப் பந்தயம். ஏழு பிரிவுக்கும் நடத்தி முடிப்பதற்குள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் கிளம்பிவிடுவார்கள். விடியுமுன் மாடு கறக்கவேண்டியவர்கள் அதற்கும் முன்னாலேயே போயிருப்பார்கள். ஊரிலேயே வேகமான லேட் மாடல் கடைசியாகக் காலிப் பலகைகளுக்கு முன்னால் ஓடும்.

ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவு தொடங்கியதும் ஆர்லின் காரை மாற்றியமைத்துக்கொண்டு அதில் சேர்ந்தான். அவனோடு சேர்த்து ஆறு கார். முதல் வருஷமே மூன்றாவது. அடுத்தடுத்து மூன்று முறை வருஷத்துச் சாம்பியன். கோப்பைகளுக்குக் கூடத்தில் அலமாரி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பத்தின் மேல் சர்க்கரைப் பாகை ஊற்றிக்கொண்டே ஒரு சங்கதியைத் தவறாமல் சொல்லுவான்.

"நேத்தும் அதேதான் மார்லி. பச்சைக் கொடி விழுந்ததும் மேடை பூரா எந்திரிக்குது. ஹெல்மெட்டுக்குள்ளேர்ந்து பாக்கறேன், அலை மாதிரி எந்திரிக்கறாங்க. ஸ்ட்ரீட் ஸ்டாக்ல ஓடறப்ப இதெல்லாம் நான் பாத்ததே இல்ல."

"ஆமா, எனக்கும் மேல சத்தம் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு மார்லிஸ் காபியை ஊற்றுவாள்.

சத்தம் கேட்டது உண்மை. எழுந்ததும் உண்மை. அவர்கள் எழுந்தது கீழே வந்து சீஸ் வாங்க. ஸ்போர்ட்ஸ்மேன் ஓடுகிற கால்மணி நேரம்தான் அவள் கடையின் உச்சநேரம். வரிசை கழிப்பறையைத் தாண்டி டிக்கெட் கொட்டகை வரைக்கும் போகும். ஆறே கார், ஆளுக்கொரு மூலையில், முதலில் போகிறவன் கடைசிவரை முதலில் போவான். அதைப் பார்க்கிறதைவிடச் சாப்பிடலாம் என்று ஜனங்கள் எப்போதோ தீர்மானித்துவிட்டார்கள். தன் கணவன் பந்தயம் ஓடுகிற நேரம் பார்த்து ஊரே தன்னிடம் சாப்பிட வருகிறது என்பதை ஒன்பது வருஷம் மார்லிஸ் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். ஊரில் யாரைக் கண்டும் அஞ்சாதவள் இந்த ஒரு விஷயத்தில் கோழையாக இருந்தாள், சொல்லத்தான் வேண்டும்.

நோர்ப் வேறு ஒருநாள் ஜன்னலுக்கு வந்து வரிசையைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றார். "பாத்தியா மார்லிஸ், ஸ்போர்ட்ஸ்மேன் ஓடறப்ப உனக்கு எவ்வளவு கூட்டம்! ஜனங்களுக்கு உற்சாகம் வந்துட்டா பசியும் வந்துடும்."

"ம்" என்றாள். கையில் கரண்டி இருந்ததால் வேறொன்றும் சொல்லவில்லை.

போன கோடையில் கூட்டம் பாதியானது. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்த கையோடு, தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் நோர்ப் எல்லாரையும் கூட்டினார். வெளியே முழங்கால் பனி. மூன்றரைக்குத் தொலைக்காட்சியில் கால்பந்து ஆட்டம், அதற்குள் முடிக்கவேண்டும் என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி.

"இப்படியே போனா அடுத்த வருஷம் கதவைத் திறக்க முடியாது," என்றார் நோர்ப். "ராத்திரிக்கு எத்தனை பிரிவு ஓட்டணும்னு இன்னிக்கே முடிவு பண்ணணும்."

எல்லாருக்கும் பிரிவைக் குறைக்கச் சம்மதம், அடுத்தவன் பிரிவை. ட்ரக்கை எடுக்கலாமா என்றால் ட்ரக்குக்காரர்களோடு குட்டி மாடிஃபைட்காரர்களும் ஸ்போர்ட்ஸ்மேன்காரர்களும் சேர்ந்து கூச்சல். இன்றைக்கு அவர்கள் என்றால் நாளைக்கு நாம் என்கிற பயம். நாலு சிலிண்டர் பையன்களை எடுக்கலாமா என்றால் அவர்களுடைய அம்மாக்கள் எழுந்துவிட்டார்கள். மணி இரண்டரை. இரண்டு தடவை கை தூக்கியாயிற்று, ஏழு ஏழாகவே இருந்தது.

மார்லிஸ் கூடத்தின் சமையல் ஜன்னலில் நின்று, பன்னில் இறைச்சி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே சொன்னாள்: "நாலு."

யாருக்கும் காதில் விழவில்லை. தட்டைக் கரண்டியால் தட்டினாள். "நாலு பிரிவு போதும். ஆறு மணிக்கு ஆரம்பிச்சா ஒன்பதுக்குள்ள முடிச்சிரலாம். லேட் மாடல், மாடிஃபைட், ஸ்ட்ரீட் ஸ்டாக், நாலு சிலிண்டர். மத்தது வேண்டாம்."

வேட் ஹால்வர்சன் ட்ரக்குக்காரர்களின் தலைவன், வாய்த்துடுக்குக்காரன். "அக்கா, நீங்க ஒரு ரேஸாவது பாத்திருக்கீங்களா?"

"பாக்கல. வரிசையைப் பாத்திருக்கேன். லேட் மாடல் ஓடறப்ப என் ஜன்னல்ல ஒருத்தன் நிக்க மாட்டான். மாடிஃபைட்டுக்கும் அப்படித்தான். போன ஜூலைல ஒருத்தன் சீஸுக்குக் காசைக் குடுத்துட்டு, பச்சைக் கொடின்னு மைக்ல சொன்னதும் வாங்காமலே ஓடிட்டான். ஸ்ட்ரீட் ஸ்டாக்குக்கு மூணு பேரு, நாலு பேரு. நாலு சிலிண்டர் பசங்க ஓடறப்ப அஞ்சாறு பேரு, அதுல ஓடற பசங்களோட அம்மா அப்பா ஒருத்தர்கூட கிடையாது. உன் ட்ரக் ஓடறப்ப எத்தனை தெரியுமா? முப்பது பேரு, வேட். அதுல உன் பொண்டாட்டியும் ஒருத்தி."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. வேட் திரும்பிப் பார்த்தான். அவன் மனைவி தரையைப் பார்த்தாள். "பசிச்சுதுங்க," என்றாள்.

"பசி யாரைக் கேட்டு வரும்!" என்று யாரோ கத்த, மறுபடி சிரிப்பு. வேட்டும் சிரித்துவிட்டான், வேறென்ன செய்வான். குட்டி மாடிஃபைட்டுக்கு இருபத்தைந்து பேர் என்று மார்லிஸ் சொன்னபோது அந்தப் பிரிவுக்காரர்களே தலையாட்டினார்கள். ஏழு வருஷமாக இவர்கள் வாயால் அடித்துக்கொண்டதை ஒரு சீஸ் கரண்டி பத்து நிமிஷத்தில் தீர்த்துக்கொண்டிருந்தது.

அப்போது நோர்ப், வெள்ளந்தியாக, எழுந்து நின்றார். "சரி, ஆனா ஸ்போர்ட்ஸ்மேனை வச்சுக்கலாமில்ல? அதுக்குத்தானே உனக்குக் கூட்டம் ஜாஸ்தி. நானே பாத்தேனே."

மூன்றாவது வரிசையில் மடியில் தட்டோடு ஆர்லின் உட்கார்ந்திருந்தான். வாயைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்துப் புன்னகைத்தான். மூன்று முறை சாம்பியனின் புன்னகை. அந்த நொடியில் ஒரு சின்னப் பொய் சொல்ல மார்லிஸுக்கு எல்லா வசதியும் இருந்தது. அஞ்சு பிரிவு என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் வேட்டின் மனைவி முகத்தைச் சிவக்கவைத்துவிட்டுத் தன் வீட்டு ஆளை மட்டும் ஒளித்துவைப்பது அவளுக்கு முடியவில்லை.

"கூட்டம் ஜாஸ்திதான்," என்றாள். "எல்லாத்தையும்விட ஜாஸ்தி. எண்பது பேர் நிப்பாங்க. பாக்கப் பிடிக்காமத்தான் நிக்கறாங்க, நோர்ப்."

ஆர்லின் தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தான். அவன் வாதாடக்கூட இல்லை, ஏதோ தவறு நடந்துவிட்டது, அதைத் திருத்திவிடலாம் என்பவன் போலத்தான் கேட்டான்.

"எந்திரிக்கறாங்களே, மார்லி. கொடி விழுந்ததும் எல்லாரும் எந்திரிக்கறாங்க. நான் கண்ணால பாத்திருக்கேன்."

"எந்திரிக்கறாங்க, ஆர்லின். எந்திரிச்சு என்கிட்ட வர்றாங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் வாயாடிகள்தான், ஆனால் எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்தவர்கள். நோர்ப் கை தூக்கச் சொன்னார். நாலு பிரிவு என்று முடிவானது. ஆர்லினும் கையைத் தூக்கினான், பாதி உயரத்துக்கு. மூன்று பத்துக்கு எல்லாரும் கால்பந்து பார்க்கப் போனார்கள்.

வீட்டுக்கு ஏழு மைல். ஐந்தாவது மைல்வரை பனி வாரும் வண்டிக்குப் பின்னாலேயே ஊர்ந்தார்கள்.

"எத்தனை வருஷமாத் தெரியும் உனக்கு?" என்றான் ஆர்லின்.

"ஆரம்பத்துலேர்ந்தே."

"ஒன்பது வருஷம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் சொல்றப்ப எல்லாம் தலையை ஆட்டினே."

"ஆட்டினேன். தப்புதான். உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல வரல."

"ஊரையே கூட்டி வச்சுச் சொல்ல மட்டும் வந்துது."

அவன் சொன்னது சரி. நாலு பிரிவு என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. சொன்ன இடம்தான் உறுத்தியது. முதலில் சமையலறையில் வைத்து, அவன் ஒருவனிடம், சொல்லியிருக்கவேண்டும்.

மறுவாரம் கோப்பைகள் அலமாரியிலிருந்து காணாமல் போயின. அட்டைப்பெட்டியில் கட்டி நிலவறையில் வைத்திருந்தான். காரை விற்றுவிடப் போகிறேன் என்று பால் பண்ணைகளில் சொல்லிக்கொண்டிருந்தானாம். அவளிடம் சொல்லவில்லை. பேச்சுக் குறையவில்லை, அதுதான் இன்னும் மோசம். குழாய் ஒழுகுகிறது, லாரிக்கு டயர் மாற்றவேண்டும் என்று எல்லாவற்றையும் மரியாதையாகப் பேசினான். பந்தயத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அப்பம் சாப்பிடும்போது செய்தித்தாளைப் படித்தான். அவன் வாயால் அந்தப் பொய்யான பெருமையைக் கேட்டு ஒன்பது வருஷம் எரிச்சலாக இருந்தவளுக்கு, இப்போது அது இல்லாமல் காபி இறங்கவில்லை.

ஆர்லினின் தங்கை ட்ருடி கடையில் அவளுக்குத் துணை. அவள் கவலையே வேறு. "அண்ணி, நீங்களே உங்க தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டீங்க. யாரும் பாக்காத மூணு பிரிவுலதானே நம்ம வியாபாரமே. அதையும் எடுத்துட்டா சீஸை யாரு வாங்குவா?"

"நடுவுல இருபது நிமிஷம் இடைவேளை விடச் சொல்லியிருக்கேன். நோர்ப் சரின்னுட்டார். மனுஷன் உருப்படியா ரேஸ் பாக்கட்டும், உருப்படியா சாப்பிடட்டும். ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யச் சொன்னா எதுவும் ஒழுங்கா நடக்காது. இன்னொரு சட்டி வாங்கு."

"இன்னொண்ணா?"

"இன்னொண்ணு. இருபது நிமிஷத்துல எல்லாரும் சேர்ந்து வருவாங்கல்ல?" மார்லிஸுக்குச் சந்தேகம் என்பதே ஒரு வேண்டாத பழக்கம்.

மார்ச் கடைசியில் ஒரு சாயங்காலம், கார் நின்ற கொட்டகையிலிருந்து இரும்பு அறுக்கிற சத்தம் கேட்டது. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டாள். மறுநாளும் கேட்டது. அடுத்த வாரம் குறுகலான நாலு டயர் வந்து இறங்கியது. ஸ்ட்ரீட் ஸ்டாக் விதிப்படி அந்த அளவுதான். கேட்கலாமா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். சாம்பியனாக இருந்தவன், பதினேழு வருஷம் பதினேழாவதாக வந்த இடத்துக்குத் திரும்பிப் போகிறான். அவனாக எதையாவது சொல்லும்வரை அதைத் தொடக்கூடாது.

மே மாதம் மூன்றாம் சனிக்கிழமை திடலைத் திறந்தார்கள். காலையில் காரை ஏற்றிக்கொண்டிருந்தவனிடம், "ஹெல்மெட் எடுத்துக்கிட்டியா?" என்றாள்.

"எடுத்துக்கிட்டேன்," என்றான். அவ்வளவுதான்.

வெயில் நன்றாக இருந்தது. ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும் என்று நோர்ப் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்ததால், கைக்குழந்தைக்காரர்கள்கூட வந்திருந்தார்கள். தகுதிச் சுற்றுகள் மளமளவென்று ஓடின. இடைவேளையில் ஜனங்கள் மேலேயிருந்து திமுதிமுவென்று இறங்கினார்கள். இரண்டு சட்டியும் போதவில்லை. ட்ருடியின் வாய் அடைத்துப்போனது. சாஸேஜ் தீர்ந்துபோய், மார்லிஸ் வெறும் பன்னையே வெண்ணெய் தடவி விற்றாள்.

இடைவேளைக்குப் பின் நாலு சிலிண்டர் ஓடி முடித்தது. அடுத்தது ஸ்ட்ரீட் ஸ்டாக். இருபத்துமூன்று கார். தகுதி பெற்றவர்களுக்குத் தொடங்கும் இடத்தைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்பார்கள். ஆர்லினுக்கு வந்தது இருபதாவது. மைக்கில் பெயர்களைப் படித்தபோது, "எழுபத்தொன்று, ஆர்லின் பென்கி, திரும்பி வந்திருக்கிறார்" என்றார்கள். மேலே கொஞ்சம் கைதட்டல்.

"அண்ணி, மேல போய்ப் பாருங்க. கடையை நான் பாத்துக்கறேன்," என்றாள் ட்ருடி.

"வேண்டாம். எனக்குத் தெரியவேண்டியது இங்கதான் தெரியும்."

அவள் பார்க்கவேண்டியது கார்களை அல்ல. ஸ்ட்ரீட் ஸ்டாக்குக்கு மூணு பேர், நாலு பேர்தான் வருவார்கள் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவள் அவள். இப்போது ஜனங்கள் எழுந்து கீழே வந்துவிட்டால், கணவனை ஊர் நடுவில் நிற்கவைத்து அவமானப்படுத்தியதுதான் மிச்சம். இதே எண்பது பேர் வரிசை இன்றைக்கும் வந்தால் ஆர்லின் இனிக் காரைத் தொடமாட்டான், அவளிடம் அப்பத்துக்குப் பாகு கேட்பதோடு சரி. கரண்டியை வைத்துவிட்டு ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்ஜின்கள் உறுமிக்கொண்டு சுற்றிவந்தன. மைக் "பச்சை" என்று அலறியது. தலைக்கு மேல் பலகை முழுக்கத் தடதடத்தது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். தூசி பிளாஸ்டிக்கின் மேல் மழை மாதிரி விழுந்தது. மார்லிஸ் படிக்கட்டைப் பார்த்தாள்.

ஜன்னலில் ஒரே ஒரு ஆள், இடைவேளையில் தவறவிட்டவன், காசை நீட்டிக்கொண்டு நின்றான். சத்தத்தைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தான். "அப்புறம் வர்றேங்க" என்று இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போய்விட்டான்.

படிக்கட்டு காலியாக இருந்தது. இரண்டு சுற்று, ஐந்து சுற்று. எண்ணெய் தன் பாட்டுக்குக் கொதித்தது. கார்கள் கூட்டமாக, ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகிற சத்தம் முதுகில் வந்து மோதியது. பத்தாவது சுற்றில் திடீரென்று எல்லாம் அடங்கியது. யாரோ சுழன்று நின்றுவிட்டான், எல்லாரையும் மெதுவாகப் போகச் சொல்லும் மஞ்சள் கொடி. ஜனங்கள் இறங்குகிற நேரம் இதுதான். பந்தயம் சலித்திருந்தால் மஞ்சள் கொடியில் வந்துவிடுவார்கள்.

ஒரு ஜோடிக் கால் படியில் தடதடவென்று இறங்கியது. சிவப்புச் சட்டைக்காரன். நேராகக் கழிப்பறைக்குள் ஓடினான், ஓடின வேகத்தில் திரும்பி, பெல்ட்டை மாட்டிக்கொண்டே படியேறினான்.

"கையைக்கூடக் கழுவல," என்றாள் ட்ருடி.

"கழுவ வேண்டாம்," என்றாள் மார்லிஸ். "போகட்டும், போகட்டும்."

இருபது சுற்றும் முடிந்தது. கடைசிச் சுற்றில் மேலே எழும்பிய கூச்சலில் பலகையின் ஒரு ஆணியே பிதுங்கி வந்தது. அந்தச் சிவப்புச் சட்டைக்காரனைத் தவிர இறங்கி வந்தவர் எவருமில்லை. மைக்கில் வெற்றிபெற்றவன் பெயரைச் சொன்னார்கள், பின்னால் ஒவ்வொன்றாக மற்றவர்களையும். எழுபத்தொன்று, பதினாறாவது.

ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே எல்லாப் பந்தயமும் முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்து மே மாத வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. மார்லிஸ் சட்டியைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆர்லின் ஜன்னலுக்கு வந்தான். கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை, மற்ற முகமெல்லாம் களிமண். பச்சைக் காரின் முன் மூலை நசுங்கிவிட்டதாம், கதவில் யாருடைய டயரோ கறுப்பு வட்டம் போட்டிருந்ததாம். அதையெல்லாம் அவன் ட்ருடியிடம் சொன்னான். பிறகு மார்லிஸைப் பார்த்தான்.

"பதினாறு," என்றான்.

"கேட்டேன். மைக்ல சொன்னாங்க."

ஜன்னல் பலகையின் மேல் கையுறையை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"வரிசை எப்படி?"

"இல்ல."

"சின்னதா இருந்துதா?"

"இல்லவே இல்ல, ஆர்லின். ஒரு ஈ காக்கா வரல. நடுவுல ஒருத்தன் இறங்கினான், அவனும் கக்கூஸுக்குப் போயிட்டு ஓடிட்டான். இருபத்தாறு வருஷத்துல ஸ்ட்ரீட் ஸ்டாக் ஓடறப்ப இவ்வளவு மட்டமான வியாபாரம் நான் பாத்ததில்ல."

அவன் படிக்கட்டை நிமிர்ந்து பார்த்தான். "எந்திரிச்சாங்களா?"

"எந்திரிச்சாங்க. கொடி விழுந்ததுலேர்ந்து கடைசிவரைக்கும். சீஸுக்குன்னு ஒருத்தர் இறங்கல." இந்தத் தடவை பாதி உண்மையோடு நிறுத்துவதில்லை என்று அவள் தீர்மானித்திருந்தாள். "முன்னாடி ரெண்டு பேரு முட்டிக்கிட்டே போனாங்களாம். அதுக்காகத்தான் எந்திரிச்சாங்க. உனக்காக இல்ல."

"தெரியும்," என்றான் ஆர்லின். களிமண்ணுக்கு நடுவில் பல் தெரிந்தது. "நான் எங்கேயோ பின்னாடி, ரெண்டு தடியனுங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டுக் கிடந்தேன். ஆனா அவங்க எந்திரிச்சு நின்னப்ப, நானும் அந்த ரேஸ்ல இருந்தேன்ல?"

"இருந்தே," என்றாள் மார்லிஸ்.